ஆறு பேர், இரண்டு ஆக்ஸ்: சின்ன மிக்ஸரில் மேடை மானிட்டர் அமைத்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஆறு பேர் கொண்ட ஒரு பேண்ட். முன்னணிப் பாடகி, அக்கூஸ்டிக் கிட்டார் வாசித்துக்கொண்டே இரண்டாவது குரல் பாடுபவர், எலக்ட்ரிக் கிட்டார், பேஸ், கீபோர்டு, ட்ரம்ஸ். யாருக்கும் இது முழுநேரத் தொழில் இல்லை, ஆனால் வாசிப்பில் குறை சொல்ல முடியாது. சுமார் 150 பேர் உட்காரக்கூடிய, கூரை தாழ்ந்த, சுவரில் திரையோ மெத்தையோ எதுவுமே இல்லாத ஒரு கூடத்தில் நிகழ்ச்சி நடத்துகிறார்கள். மிக்ஸரை இயக்குபவர் அவர்களுடைய நண்பர், ஆர்வமுள்ள இளைஞர், காது நல்ல காது.

கையில் இருந்தவை: 12 சேனல் அனலாக் மிக்ஸர் ஒன்று, பார்வையாளர்களுக்காக ஆம்ப் உள்ளேயே பொருந்திய மெயின் ஸ்பீக்கர் இரண்டு, மேடையில் இருப்பவர்கள் தங்களைக் கேட்க மேடை முன்னால் சாய்த்து வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர், அதாவது வெட்ஜ், இரண்டு. 12 சேனல் என்று மிக்ஸரில் எழுதியிருந்தாலும் மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் மைக் ப்ரீஆம்ப் முதல் 6 சேனலில் மட்டும்தான். மீதி ஆறும் மூன்று ஸ்டீரியோ ஜோடிகளான லைன் உள்ளீடுகள், அதில் மைக்கை நேராகச் செருக முடியாது. ஒவ்வொரு சேனலிலும் மூன்று பேண்ட் ஈக்யூ (கீழ், நடு, மேல் அதிர்வெண்களைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் திருகுகள்), நடு பேண்ட் 2.5 கிலோஹெர்ட்ஸில் நிலையானது, நகர்த்த முடியாது. ஆக்ஸ், அதாவது மெயினிலிருந்து தனியாக இன்னொரு மிக்ஸை வெளியே அனுப்பும் வழி, இரண்டு. ஆக்ஸ் 1-க்கு ப்ரீ, போஸ்ட் என்று மாற்றும் பொத்தான் உண்டு. ஆக்ஸ் 2 எப்போதும் போஸ்ட், அதோடு உள்ளே இருக்கும் ரிவெர்ப் (எதிரொலி) எஃபெக்டுக்கும் அதுதான் போகிறது.

இந்த அளவு மிக்ஸர்களை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை மைக் செருகலாம் என்றுதான் எண்ணுகிறார்கள். மேடையில் எத்தனை விதமான மானிட்டர் மிக்ஸ் கொடுக்க முடியும் என்பதை ஆக்ஸ் எண்ணிக்கைதான் முடிவு செய்கிறது, அதை எண்ணுகிறவர்கள் குறைவு. இந்த பேண்டின் பிரச்சினை முழுக்க அங்கேதான் இருந்தது.

முதல் நிகழ்ச்சியில் நடந்தது

நான் அதில் இல்லை. இளைஞர் சொன்னதையும் கைபேசியில் யாரோ எடுத்த பதிவையும் வைத்து எழுதுகிறேன்.

மிக்ஸர் மேடையின் இடது ஓரத்தில், கீபோர்டுக்குப் பக்கத்தில் இருந்தது. மெயின் ஸ்பீக்கர்கள் பாடுபவர்களுக்கும் கேட்கட்டும் என்று மைக் வரிசைக்குச் சற்றுப் பின்னால் நின்றன. ஆறு மைக் சேனல்களிலும் ஆள் இருந்தது: இரண்டு குரல், அக்கூஸ்டிக் கிட்டார், எலக்ட்ரிக் கிட்டார் ஆம்புக்கு முன்னால் ஒரு மைக், கிக் ட்ரம், ட்ரம்ஸுக்கு மேலே ஒரு ஓவர்ஹெட். பேஸ் அதன் ஆம்பிலிருந்து மட்டும். இரண்டு வெட்ஜுக்கும் ஆக்ஸ் 1, அதில் எல்லாச் சேனலும் கொஞ்சம் கொஞ்சம்.

இரண்டாவது பாட்டிலேயே மைக் கூவ ஆரம்பித்திருக்கிறது. பாடகி தன் குரல் கேட்கவில்லை என்று சைகை காட்ட, இளைஞர் கெயினை (மைக் சிக்னல் மிக்ஸருக்குள் நுழையும் அளவை) கூட்ட, கூவல் அதிகமாக, கெயினைக் குறைக்க, பாடகி இன்னும் சத்தமாகப் பாட... இப்படியே நிகழ்ச்சி முழுக்க. கடைசி மூன்று பாட்டில் பாடகியின் குரல் கரகரத்துவிட்டது, உச்ச ஸ்வரங்களைத் தொடாமலே கீழே இறங்கிப் பாடியிருக்கிறார். கைபேசிப் பதிவில் பாட்டின் வார்த்தைகள் பாதி புரியவில்லை, ட்ரம்ஸும் எலக்ட்ரிக் கிட்டாரும் மட்டும் தெளிவாக இருந்தன. வேகமும் இழுத்துக்கொண்டு போனது. இந்தக் கடைசி விஷயத்தை பேண்டில் யாரும் மானிட்டரோடு சேர்த்துப் பார்க்கவில்லை, பயிற்சி போதவில்லை என்றே நினைத்தார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் அவர்கள் எடுத்த முதல் முடிவு, இன்னும் இரண்டு வெட்ஜ் வாங்குவது. வாங்குவதற்கு முன்னால் ஒரு முறை வந்து பாருங்கள் அண்ணா என்று அந்த இளைஞர் கூப்பிட்டதால்தான் நான் உள்ளே வந்தேன்.

அதே கூடத்தில் ஒத்திகை: கவனித்தவை

நிகழ்ச்சியில் வைத்தபடியே எல்லாவற்றையும் வைக்கச் சொன்னேன். எதையும் மாற்றாமல் முதலில் கேட்க வேண்டும். அப்புறம் மெயின், வெட்ஜ் இரண்டையும் அணைத்துவிட்டு ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லி, பார்வையாளர்கள் உட்காரும் இடத்தின் நடுவில் போய் நின்றேன். எந்தச் சின்னக் கூடத்திலும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் மேடை தானாகவே எவ்வளவு சத்தம் போடுகிறதோ அதுதான் அந்தக் கூடத்தின் தரை மட்டம், குரல் அதற்கு மேலே ஏறியே ஆக வேண்டும், ஏற முடியாவிட்டால் மிக்ஸரில் என்ன செய்தும் பயனில்லை. கைபேசிச் செயலி அங்கே 93 டெசிபலைத் தொட்டுத் தொட்டு வந்தது. அந்த எண்ணைத் துல்லியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் குறித்துக்கொண்டேன்.

அதில் பெரும்பங்கு எலக்ட்ரிக் கிட்டார் ஆம்புடையது. காரணம் எளிது. ஆம்ப் தரையில் இருந்தது, கிட்டார் வாசிப்பவர் அதற்கு முன்னால் ஒன்றரை மீட்டரில் நின்றார். உயர் அதிர்வெண் ஒலி ஸ்பீக்கரிலிருந்து குறுகிய கற்றையாகத்தான் வரும், அது அவருடைய முழங்காலைத் தாண்டி முதல் வரிசைப் பார்வையாளர்களின் காதுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. தனக்கு மந்தமாகக் கேட்கிறதே என்று அவர் ட்ரெபிளையும் வால்யூமையும் கூட்டியிருந்தார். அவர் நின்ற இடத்தில் அவர் செய்தது சரிதான்.

அடுத்து மிக்ஸர். ஆக்ஸ் 1-இன் பொத்தான் போஸ்டில் இருந்தது. போஸ்ட் என்றால் ஃபேடருக்குப் (மெயினுக்குப் போகும் அளவை ஏற்றி இறக்கும் நெம்புக்கு) பிறகு சிக்னல் எடுக்கப்படுகிறது, ஆகவே கூடத்துக்காகப் பாடகியின் ஃபேடரை ஏற்றினால் வெட்ஜும் கூடவே ஏறும், அவருடைய மைக்குக்கு எதிரிலேயே. கூவாமல் என்ன செய்யும். ப்ரீக்கு மாற்றியதும் பாதிப் பிரச்சினை போனது, ஆனால் பாதிதான். இந்த மிக்ஸரில் ப்ரீ என்பது ஃபேடருக்கு முன், ஈக்யூவுக்குப் பின். சின்ன அனலாக் மிக்ஸர்களில் பலவும் இப்படித்தான். கூடத்தில் வார்த்தைகள் தெளிவாக வர இளைஞர் பாடகியின் நடு பேண்டைக் கொஞ்சம் கூட்டியிருந்தார், அது 2.5 கிலோஹெர்ட்ஸ், அந்தக் கூட்டல் அப்படியே வெட்ஜுக்கும் போனது. வெட்ஜ் கூவிய இடமும் கிட்டத்தட்ட அதே அதிர்வெண்தான். கூடத்துக்கு வேண்டியதும் வெட்ஜுக்கு ஆகாததும் ஒரே திருகில் மாட்டிக்கொண்டிருந்தன.

மைக். பாடகியுடையது சூப்பர்கார்டியாய்டு, இரண்டாவது குரலுடையது சாதாரண கார்டியாய்டு, இரண்டுமே முன்பக்க ஒலியை அதிகமாக எடுக்கும் வகைகள். இரண்டு பேருக்கும் வெட்ஜ் நேர் எதிரே, அதாவது மைக்கின் நேர் பின்பக்கம். கார்டியாய்டுக்கு அது மிகச் சரியான இடம், ஏனென்றால் அது நேர் பின்னால், 180 டிகிரியில்தான் மிகக் குறைவாகக் கேட்கும். சூப்பர்கார்டியாய்டு அப்படி இல்லை, அதன் செவிட்டுப் பகுதி பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி, கிட்டத்தட்ட 126 டிகிரியில் இருக்கிறது, நேர் பின்னால் அதற்கு ஒரு சின்னக் காது திறந்தே இருக்கும். விலை கூடின மைக் வாங்கினோம், முன்னைவிட அதிகமாகக் கூவுகிறது என்று அவர்கள் குழம்பியதற்கு இதுதான் விளக்கம்.

அக்கூஸ்டிக் கிட்டாரின் பீசோ பிக்அப்பை (அதிர்வை மின் சிக்னலாக்கும் உணரியை) நீளமான சாதாரண கிட்டார் கேபிளில் நேராக மிக்ஸரில் செருகியிருந்தார்கள். பீசோவுக்கு 10 லட்சம் ஓமோ அதற்கு மேலோ உள்ளீட்டு மின்மறுப்பு வேண்டும், மிக்ஸரின் லைன் உள்ளீடு அதில் சின்னப் பங்குகூடக் கிடையாது, அதனால் கீழ் ஸ்வரங்கள் வற்றிப்போய் தகர டப்பா மாதிரி ஒலித்தது.

கடைசியாக ஆட்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒரே கேள்வி கேட்டேன்: எது ஒன்று கேட்காவிட்டால் உங்களால் வாசிக்கவே முடியாது? எது கேட்டால் நன்றாக இருக்கும் என்று கேட்டால் எல்லாரும் எல்லாவற்றையும் சொல்வார்கள், அதனால் இந்தக் கேள்வியை இப்படியே கேட்க வேண்டும். பாடகி, "என் குரல், அப்புறம் சுருதிக்குக் கீபோர்டு" என்றார். இரண்டாவது குரல், தன் குரல், தன் கிட்டார். பேஸ் வாசிப்பவர் ட்ரம்ஸுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார், அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை. எலக்ட்ரிக் கிட்டார்காரருக்கு எங்கே நுழைவது என்று தெரிய முன்னணிக் குரல் மட்டும். கீபோர்டுக்கு அவருடைய சொந்தச் சின்ன ஆம்ப் போதும். ட்ரம்ஸ்காரர்தான் தயங்கிவிட்டு, "உண்மையைச் சொன்னா எனக்கு இதுவரைக்கும் பாட்டே கேட்டதில்லண்ணா, அவங்க தோளைப் பாத்துதான் வாசிக்கிறேன்" என்றார்.

வேகம் இழுத்துக்கொண்டு போனதற்கு விடை இதில் இருக்கிறது. கூடத்தின் பின்சுவர் மேடையிலிருந்து சுமார் 15 மீட்டர். மெயினிலிருந்து போன குரல் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி மேடைக்கு வர 30 மீட்டர், ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர், ஆக கிட்டத்தட்ட 87 மில்லிநொடி தாமதம். நேர்க்குரல் கேட்காத ட்ரம்ஸ்காரருக்குக் காதில் விழுந்த குரல் எல்லாம் இந்தத் தாமதமான குரல்தான். அதற்குப் பொருத்தி வாசித்தால் ஒவ்வொரு அடியும் பின்தங்கத்தான் செய்யும்.

என்ன முடிவு செய்தோம், ஏன்

வெட்ஜ் வாங்குவதை முதலில் நிறுத்தினோம். ஆக்ஸ் இரண்டே இருக்கும்போது நான்கு வெட்ஜ் வைத்தால் அதே மிக்ஸ்தான் நான்கு இடத்தில் ஒலிக்கும், மேடைச் சத்தம் ஏறும், வெட்ஜின் முதுகிலிருந்து கசியும் கீழ் நடு அதிர்வெண்கள் கூடத்தில் சேர்ந்து குரலை இன்னும் மூடும். ஒத்திகையில் வெட்ஜ் இரண்டையும் அணைத்து, மெயினை மட்டும் வைத்துக் கேட்டபோதே கூடம் தெளிந்ததை எல்லாரும் கேட்டார்கள்.

கிட்டார் ஆம்பை ஒரு நாற்காலி மேல் ஏற்றி, வாசிப்பவரின் காதைப் பார்த்துச் சாய்த்து வைத்தோம். அவரிடம் சத்தத்தைக் குறை என்று சொல்லவில்லை. ஒரு பாட்டு வாசித்துவிட்டு அவரே வால்யூமைக் குறைத்தார், ட்ரெபிளையும். நடுவில் வைத்த கைபேசி முன்பைவிட 4, 5 டெசிபல் குறைவாகக் காட்டியது. செலவில்லாத இந்த ஒரு மாற்றம், மிக்ஸரில் அதன் பிறகு செய்த எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தது.

எலக்ட்ரிக் கிட்டார் மைக்கையும் ஓவர்ஹெட்டையும் எடுத்துவிட்டோம். இவ்வளவு சின்னக் கூடத்தில் சிம்பலை மைக் வைத்துக் கேட்க வைக்க வேண்டியதே இல்லை. இதனால் இரண்டு லாபம். திறந்திருக்கும் மைக் 5-இலிருந்து 3 ஆனது. மைக் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஃபீட்பேக்குக்கு (மைக் கூவலுக்கு) முன் கிடைக்கும் இடைவெளி 3 டெசிபல் குறையும் என்பது ஒலித்துறையில் நெடுநாள் கணக்கு, அந்தக் கணக்கில் எங்களுக்கு 2 டெசிபலுக்குக் கொஞ்சம் மேல் திரும்பக் கிடைத்தது. இன்னொரு லாபம், மைக் ப்ரீஆம்ப் இரண்டு காலியாயின. ஒன்றில் பேஸை டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை மைக் உள்ளீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வழியாகக் கொண்டு வந்தோம், பின்வரிசைக்குப் பேஸின் சுருதி கேட்கவில்லை என்பது பழைய புகார். இன்னொன்றுதான் முக்கியம்.

அந்த ஆறாவது சேனலைப் பாடகியின் மானிட்டருக்கென்றே ஒதுக்கினோம். பாடகியின் மைக் கேபிள் மிக்ஸருக்கு வரும் இடத்தில் ஒரு ஒய் கேபிள் போட்டு, ஒரே சிக்னலை சேனல் 1-க்கும் சேனல் 6-க்கும் பிரித்தோம். சேனல் 1 கூடத்துக்கு: ஈக்யூவை இளைஞர் விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதன் ஆக்ஸ் 1 திருகு பூஜ்யத்தில். சேனல் 6 வெட்ஜுக்கு: ஃபேடர் அடியில், ஆக்ஸ் 1 திருகு திறந்து, கீழ் அதிர்வெண்களை வெட்டும் லோ கட் போட்டு, நடு பேண்டைக் குறைத்து. கூடத்தின் ஈக்யூவும் வெட்ஜின் ஈக்யூவும் அதோடு பிரிந்துவிட்டன. கெயினும்கூட இரண்டு ஆகிவிட்டது, கூடத்தின் கெயினைத் தொட்டால் வெட்ஜ் அசையாது.

ஒய் கேபிளைப் பற்றி இளைஞருக்குச் சந்தேகம் இருந்தது, நியாயமான சந்தேகம்தான். டைனமிக் மைக்கின் வெளியீட்டு மின்மறுப்பு பொதுவாக 150 முதல் 300 ஓம் வரை, மிக்ஸரின் மைக் உள்ளீடு 2,000, 3,000 ஓம் அளவில். இரண்டு உள்ளீடுகளை இணையாகச் சேர்த்தாலும் ஆயிரம் ஓமுக்குக் குறையாது, சிக்னல் கொஞ்சம் குறையும், கெயினில் சரிசெய்துகொள்ளலாம். ஒரு மைக்கை இரண்டு உள்ளீட்டுக்குப் பிரிக்கலாம் என்பதால் இரண்டு மைக்கை ஒரே உள்ளீட்டில் சேர்க்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அதற்கு ஒய் கேபிள் ஆகாது. இந்த மிக்ஸரில் 48 வோல்ட் பேண்டம் பவர் (மைக் கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் வசதி) எல்லாச் சேனலுக்கும் ஒரே பொத்தான், அதை அணைத்தே வைக்க முடிவு செய்தோம். அக்கூஸ்டிக் கிட்டாருக்குப் பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் டிஐ வாங்கினார்கள், வெட்ஜுக்கு வைத்திருந்த பணத்தில் கொஞ்சம் அதற்குப் போனது.

ஆக்ஸ் 2-ஐ வைத்துத்தான் நீண்ட வாக்குவாதம். ட்ரம்ஸ்காரருக்கு ஒரு மிக்ஸ் கொடுக்க வேண்டுமானால் அது ஆக்ஸ் 2-இலிருந்துதான் வர முடியும், வந்தால் ரிவெர்ப் போய்விடும். பாடகிக்கு ரிவெர்ப் இல்லாமல் பாடுவது வெறுமையாக இருக்கும் என்ற பயம். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன், பாடுகிறவருக்குத் தன் குரல் எப்படிப் போய்ச் சேருகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. ரிவெர்ப் போட்டு ஒரு பதிவு, போடாமல் ஒரு பதிவு, இரண்டையும் கூடத்தின் நடுவிலிருந்து எடுத்து அவரையே கேட்கச் சொன்னோம். வெற்றுச் சுவர்களே போதுமான அளவு எதிரொலி கொடுத்துக்கொண்டிருந்ததால் ரிவெர்ப் இல்லாத பதிவில் வார்த்தைகள் எழுந்து வந்தன. ஒத்துக்கொண்டார். ரிவெர்ப் திரும்பி வரும் ஃபேடரை முழுக்க இறக்கினோம், இல்லாவிட்டால் ட்ரம்ஸ்காரருக்கு அனுப்புவதெல்லாம் எஃபெக்ட் வழியாகக் கூடத்திலும் ஒலிக்கும்.

ட்ரம்ஸ்காரருக்கு வெட்ஜ் வேண்டாம், காதுக்குள் செருகும் இயர்ஃபோன் என்று முடிவு செய்தோம். ட்ரம்ஸை மீறி ஒரு வெட்ஜ் கேட்க வேண்டுமானால் அது மேடையிலேயே மிகச் சத்தமான பொருளாக ஆகிவிடும். ஆக்ஸ் 2 வெளியீடு, அங்கிருந்து அவர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் லிமிட்டர் (ஒலியை ஓர் அளவுக்கு மேல் ஏறவிடாத சுற்று) உள்ள ஒரு சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப், அதிலிருந்து இயர்ஃபோன். வயர்லெஸ் தேவையில்லை, அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழப்போவதில்லை. லிமிட்டரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். காது பாதுகாப்புக்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்லும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும், அந்தக் கணக்கில் 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். காதுக்குள் அடைத்த கருவியில் ஒரு ஃபீட்பேக் வந்தால் தலையைத் திருப்பித் தப்பிக்க முடியாது.

மீதி முடிவுகள் விரைவாக நடந்தன. மெயின் ஸ்பீக்கர்களை மைக் வரிசைக்கு நன்றாக முன்னால் கொண்டு வந்தோம். பாடகியின் வெட்ஜை நேர் எதிரிலிருந்து பக்கவாட்டுக்கு, அவருடைய மைக்கின் செவிட்டுப் பகுதிக்கு நகர்த்தினோம். இரண்டாவது குரலின் வெட்ஜ் இருந்த இடத்திலேயே இருந்தது. மேடையிலிருந்து மிக்ஸருக்கு 8 வரத்து, மிக்ஸரிலிருந்து மேடைக்கு 4 திருப்பம் என்று பல கம்பிகளை ஒன்றாகக் கட்டிய ஒரு ஸ்னேக் கேபிள் போட்டு மிக்ஸரைக் கூடத்தின் நடுப்பகுதிக்கு இறக்கினோம், நான்கு திருப்பமும் மெயின் இரண்டு, ஆக்ஸ் இரண்டு என்று கச்சிதமாகத் தீர்ந்தன. கீபோர்டை அவருடைய ஆம்பின் பேலன்ஸ்டு லைன் வெளியீட்டிலிருந்து எடுத்து மிக்ஸரின் லைன் சேனலில் மோனோவாகச் செருகினோம். செருகியதும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தது. ஆம்பின் பின்னால், சிக்னல் கேபிளின் கிரவுண்ட் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்தியதும் நின்றது. சிலர் இந்த இரைச்சலுக்கு மின் பிளக்கின் எர்த் பின்னைத் துண்டிப்பார்கள், உயிர் போகிற வேலை அது, யாரும் செய்யக் கூடாது.

சவுண்ட் செக்

நிகழ்ச்சி நாளில் மெயினை அணைத்து வைத்து மேடையிலிருந்துதான் தொடங்கினோம். பாடகியை உச்ச ஸ்தாயியில், நிகழ்ச்சியில் பாடும் அதே பலத்தில் பாடச் சொல்லி கெயின் வைத்தோம். "செக், செக்" என்று மெதுவாகச் சொல்லி வைத்த கெயின் மூன்றாவது பாட்டில் சிவப்பு விளக்கைத் தொட்டுவிடும். மைக்கை உதட்டுக்குப் பக்கத்தில் பிடிக்க அவருக்குப் பழக்கம் இல்லை, 10 சென்டிமீட்டரை 5 ஆக்கினால் தோராயமாக 6 டெசிபல் சும்மா கிடைக்கிறது என்று காட்டியதும் பிடியை மாற்றிக்கொண்டார்.

வெட்ஜில் அவருடைய குரல், அதன் கீழே கீபோர்டு, இரண்டாவது குரலும் அக்கூஸ்டிக் கிட்டாரும் அளவாக. வேறு எதுவும் இல்லை. ஆக்ஸ் 1-ஐ மெல்ல ஏற்றிக் கூவல் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, சேனல் 6-இன் நடு பேண்டை இன்னும் கொஞ்சம் இறக்கி, அந்த இடத்திலிருந்து சற்றுக் கீழே நிறுத்தினோம். பிறகு மெயினைத் திறந்து மறுபடி பார்த்தோம், மெயினின் கீழ் அதிர்வெண்கள் சுற்றி மேடைக்கு வந்து வெட்ஜின் ஒலியை மாற்றும் என்பதால். அதோடு கெயின் திருகுகளை நிகழ்ச்சி முடியும்வரை தொடுவதில்லை என்று பேச்சு.

நிகழ்ச்சியும் அதில் வந்த இரண்டு சிக்கல்களும்

முதல் பாதி அமைதியாகப் போனது. ட்ரம்ஸ்காரர் தலையைத் தூக்காமல், யாருடைய தோளையும் பார்க்காமல் வாசித்தார், வேகம் நின்றது. பாடகி சத்தம் போட வேண்டிய அவசியம் இல்லாததால் மெதுவாகப் பாட வேண்டிய இடங்களை உண்மையிலேயே மெதுவாகப் பாடினார். முந்தைய நிகழ்ச்சியின் பதிவில் அந்த இடங்களெல்லாம் ஒரே கத்தலாக இருந்தன.

முதல் சிக்கல், ஒரு விருந்தினர் ஒரு பாட்டுக்கு வந்து பாடகியின் மைக்கை வாங்கிப் பாடினார், மைக்கின் தலையை உள்ளங்கையால் முழுக்கப் பொத்திப் பிடித்துக்கொண்டு. அப்படிப் பிடித்தால் எந்த மைக்கும் தன் திசைத்தன்மையை இழந்து எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பித்துவிடும். வெட்ஜ் உடனே கூவியது. இளைஞர் சேனல் 6-இன் ஆக்ஸ் 1 திருகை மட்டும் குறைத்தார், கூடத்தில் விருந்தினரின் குரல் குறையவே இல்லை, பார்வையாளர்களில் பாதிப் பேர் ஏதோ நடந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. பழைய அமைப்பில் அவர் கெயினையோ ஃபேடரையோ பிடித்து இழுத்திருப்பார், பாட்டு நடுவில் குரல் காணாமல் போயிருக்கும். சேனலைப் பிரித்ததன் பலன் என்று நான் எண்ணுவது இந்தச் சில நொடிகளைத்தான்.

இரண்டாவது சிக்கல் எங்கள் அமைப்பே கொண்டு வந்தது. பாட்டுக்கு நடுவே பாடகி பேசாத நேரங்களில் இளைஞர் சேனல் 1-இன் ஃபேடரை நல்ல பழக்கமாக இறக்கி வைத்தார். ஆக்ஸ் 2 போஸ்ட், ஆகவே ட்ரம்ஸ்காரரின் காதிலும் பாடகி காணாமல் போனார். ஒருமுறை பாடகி மெல்லிய குரலில் அடுத்த பாட்டுக்கு எண்ணிக்கை கொடுக்க, ட்ரம்ஸ்காரருக்கு அது விழாமல், அவர் இரண்டு அடி தாமதமாக நுழைந்தார். இயர்ஃபோன் காதை அடைத்திருந்ததால் நேராகவும் கேட்கவில்லை. அதன் பிறகு ஃபேடரை இறக்காமலே விட்டார் இளைஞர்.

எலக்ட்ரிக் கிட்டார் கூடத்தில் சீராக இல்லை. மைக்கை எடுத்துவிட்டதால் ஆம்ப் இருந்த வலது பக்கம் உட்கார்ந்தவர்களுக்குத் தாராளமாகவும் இடது பக்கம் இருந்தவர்களுக்குத் தூரத்திலும் கேட்டது, இரண்டு பக்கமும் நடந்து பார்த்தேன். இரண்டாவது குரல் பாடியவரும் திருப்தியாக இல்லை. இரண்டு வெட்ஜுக்கும் ஒரே மிக்ஸ், அவருக்குத் தன் குரல் இன்னும் வேண்டும், அதை ஏற்றினால் பாடகிக்கு அது தொந்தரவு. வெட்ஜின் பின்னால் இருக்கும் வால்யூமை மட்டும் அவருக்குக் கூட்டினோம், அதில் பாடகியின் குரலும் சேர்ந்துதான் ஏறியது. முன்னணிப் பாடகிக்குத்தான் முதலிடம் என்பது தெரிந்தே எடுத்த முடிவு, அதற்கு அவர் விலை கொடுத்தார், சுருதி ஓரிரு இடங்களில் விலகியது.

பிறகு மாற்றியது, இன்னும் மாற்ற வேண்டியது

அடுத்த நிகழ்ச்சிக்கு முன் மிக்ஸரின் கையேட்டில் இருந்த பிளாக் டயகிராமை (சிக்னல் எந்த வழியாகப் போகிறது என்று காட்டும் படத்தை) இளைஞரும் நானும் சேர்ந்து பார்த்தோம். இந்த மிக்ஸரில் மியூட் பொத்தானை அழுத்தினால் சேனல் மெயினிலிருந்து விலகி ஆல்ட் 3-4 என்ற தனி வெளியீட்டுக்குப் போகிறது, ஆக்ஸ் துண்டிக்கப்படுவதில்லை. அதாவது சேனல் 6-ஐ மியூட் செய்து, ஆல்ட் வெளியீட்டில் எதையும் செருகாமல் விட்டு, ஃபேடரை நடுநிலைக்கு ஏற்றினால், கூடத்துக்கு எதுவும் போகாது, ஆனால் போஸ்டாக இருக்கும் ஆக்ஸ் 2-க்கும் சிக்னல் கிடைக்கும். அப்படியே செய்தோம். இப்போது ட்ரம்ஸ்காரரின் காதில் இருக்கும் பாடகியின் குரலும் சேனல் 6-இலிருந்து வருகிறது, சேனல் 1-இன் ஃபேடரை இளைஞர் எவ்வளவு அசைத்தாலும் அவருக்குத் தெரியாது. எல்லா மிக்ஸரிலும் மியூட் இப்படி வேலை செய்யாது, சிலவற்றில் ஆக்ஸும் சேர்ந்தே அணைந்துவிடும், அதனால் இதை முயல்கிறவர்கள் தங்கள் மிக்ஸரின் டயகிராமைப் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும். ஒற்றைப் பக்கம்தான், ஆனால் கையேட்டில் அதுதான் மிகப் பயனுள்ள பக்கம்.

கிக் ட்ரம் மைக்கை எடுத்துவிட்டு அந்தச் சேனலில் எலக்ட்ரிக் கிட்டார் ஆம்புக்கு மைக் வைத்தோம், மெயினில் மிகக் கொஞ்சமாக, இடது பக்கத்தை மட்டும் நிரப்பும் அளவுக்கு. கிக் இல்லாத குறையை யாரும் சொல்லவில்லை. ட்ரம்ஸ்காரருக்கு லேசாக வருத்தம்.

இரண்டாவது குரலின் பிரச்சினை இந்த மிக்ஸரில் தீராது. மூன்றாவது ஆக்ஸ் இல்லை, திருட்டுவழியும் இனி மிச்சமில்லை. மிக்ஸரையே மாற்றும்போது மைக் உள்ளீட்டுக்கு முன் ஆக்ஸை எண்ணச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது ஆறு ஆக்ஸ், ஒவ்வொன்றிலும் தனி ஈக்யூ உள்ள, திரை இல்லாமல் டேப்லெட்டில் இயக்கும் சின்ன டிஜிட்டல் மிக்ஸர் வகை. அதில் ஒரே மைக்கை இரண்டு சேனலுக்கு ஒய் கேபிள் இல்லாமலே பிரிக்கலாம், ரிவெர்ப்பும் திரும்ப வரும். அதன் உள்ளேயே இருக்கும் வைஃபையை மட்டும் நம்ப வேண்டாம் என்றும் சொன்னேன், 150 கைபேசிகள் உள்ள கூடத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசலாகிவிடும், 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் தனி ரவுட்டர் ஒன்றைக் கேபிளில் இணைத்து வைத்துக்கொள்ள வேண்டும், டேப்லெட் நின்றுபோனாலும் கையில் எடுக்க இன்னொன்று தயாராக இருக்க வேண்டும்.

அது வரும்வரை இரண்டாவது குரலுக்கு ஒரு இடைக்கால ஏற்பாடு: அவருடைய வெட்ஜை அரை மீட்டர் அருகில் இழுத்து, முகத்துக்கு நேராக இன்னும் நிமிர்த்தி வைத்து, அவர் பாடும் மூன்று ஹார்மனி பாட்டுகளில் மட்டும் ஆக்ஸ் 1-இல் அவருடைய திருகை இளைஞர் ஏற்றி, பாட்டு முடிந்ததும் இறக்குகிறார். எந்தெந்தப் பாட்டு என்பதும் எந்த அளவு என்பதும் மிக்ஸரின் ஓரத்தில் டேப் ஒட்டி எழுதப்பட்டிருக்கிறது.